மூன்று லட்சத்துக்குள் ஒரு குடும்பக் கார்

பழைய கார் வாங்கி நொந்துபோன குடும்பங்களை விசாரித்துப் பாருங்கள். அவர்களைக் கெடுத்தது பெரும்பாலும் காரின் விலையாக இருக்காது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் வந்த செலவாகத்தான் இருக்கும். கிளட்ச் போச்சு, ஏசி கம்ப்ரஸர் போச்சு, நான்கு டயரும் ஒன்றாகப் போச்சு என்று வரிசையாக வரும்போது, சேமிப்பை முழுவதும் காரிலேயே போட்டுவிட்டவர் கடன் வாங்கித்தான் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே குறைந்த பணத்தில் கார் தேடுகிறவர் பார்க்க வேண்டியது பெரிய வண்டியையோ பளபளப்பான வண்டியையோ அல்ல. ஒழுங்காகப் பராமரித்த ஒருவரிடமிருந்து வரும், பேப்பர் சுத்தமாக இருக்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கக்கூடிய சிறிய வண்டியைத்தான். இந்த அத்தியாயம் அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறது.

முதலில் பணத்தைப் பிரியுங்கள்

கையில் 3 லட்சம் இருந்தால், கார் விலைக்கு 2.5 லட்சம்தான் எல்லை. மீதி 50,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். அது எங்கே போகும் என்று ஒரு தோராயக் கணக்கு: சிறிய காருக்கு நான்கு டயர் மாற்றினால் சுமார் 16,000, பேட்டரி 5,000, ஆயில், ஃபில்டர்கள், கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றும் முதல் சர்வீஸுக்கு 8,000, ஃபுல் இன்சூரன்ஸுக்கு 9,000, பெயர் மாற்றச் செலவு 4,000. இதுவே 42,000 ஆகிவிட்டது. மீதமுள்ளது எதிர்பாராத ஒரு வேலைக்கு. டயரும் பேட்டரியும் நன்றாக இருந்தால் பணம் மிச்சம். அப்படி இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பெட்ரோலா, டீசலா?

வேலை நாளில் ஊருக்குள்ளும், மாதம் ஒருமுறை சொந்த ஊருக்கும் போய்வரும் குடும்பம் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. அந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல் வண்டிதான் சரி. டீசலில் மைலேஜ் கூடுதலாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் பழைய டீசல் காரில் இன்ஜெக்டரோ டர்போவோ பழுதானால், பல ஆண்டு மைலேஜில் மிச்சம் பிடித்ததை ஒரே பில் விழுங்கிவிடும். டீசல் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறைய ஓட்டுகிறவர்கள் என்பதால், விற்பனைக்கு வரும் பழைய டீசல் வண்டிகள் அதிகம் ஓடியவையாகவே இருக்கும்.

டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தடை வந்த பிறகு, அங்கே பதிவான வண்டிகள் மலிவாகத் தெற்கே வருகின்றன. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டுக்குச் சாலை வரி கட்ட வேண்டும். எல்லாம் கூட்டினால் மலிவு காணாமல் போகும். புதுச்சேரி, கேரளா, கர்நாடகா பதிவு வண்டிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எத்தனை வயது வண்டி?

தனியார் காரின் பதிவு, பதிவான நாளிலிருந்து 15 ஆண்டு செல்லும். பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் உயர்ந்த கட்டணப்படி புதுப்பித்தலுக்கு மட்டும் 5,000 ரூபாய். பசுமை வரியும், வண்டியை எஃப்.சி.க்குத் தயார்செய்யும் டிங்கரிங், பெயிண்டிங் வேலையும் தனி. 14 ஆண்டு ஆன வண்டி 90,000 ரூபாய்க்குக் கிடைத்தால், அடுத்த ஆண்டின் செலவையும் அந்த விலையில் சேர்த்தே எண்ணுங்கள். நம் பட்ஜெட்டுக்கு ஏழிலிருந்து பதினொரு ஆண்டு வரையுள்ள வண்டி பொருத்தம். விலை பெருமளவு இறங்கியிருக்கும், ஓட்டமும் மீதியிருக்கும்.

வயதைத் தீர்மானிக்கும்போது பாதுகாப்பையும் சேர்த்துப் பாருங்கள். புதிய கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் 1 முதலும், ஓட்டுநர் பக்க ஏர்பேக் 2019 ஜூலை 1 முதலும் கட்டாயமாயின. பக்கத்து இருக்கைக்கான ஏர்பேக் எல்லா மாடலுக்கும் கட்டாயமானது 2022 தொடக்கத்தில்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் இவை பெரும்பாலும் விலை கூடிய வேரியண்டில்தான் இருக்கும். 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, ஐ10, நானோ, ஃபிகோ, போலோ ஆகியவற்றின் ஏர்பேக் இல்லாத வகைகளை மோதிச் சோதித்தபோது ஐந்துமே பூஜ்ய நட்சத்திரம் பெற்றன. அதே போலோ இரண்டு ஏர்பேக்குடன் நான்கு நட்சத்திரம் பெற்றது. ஆகவே ஒரே விலையில் பெரிய வண்டியின் அடிமட்ட வேரியண்டும், சிறிய வண்டியின் ஏர்பேக் உள்ள வேரியண்டும் கிடைத்தால், யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். உள்ளே உட்காரப்போவது உங்கள் பிள்ளைகள்.

எந்தெந்த வண்டிகள்?

உதிரிபாகம் ஊரெங்கும் கிடைக்க வேண்டும், மெக்கானிக் எல்லாருக்கும் பழகிய என்ஜினாக இருக்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளே பட்டியலைச் சுருக்கிவிடும்.

மாருதி வேகன் ஆர், ஆல்டோ கே10, செலேரியோ: மூன்றிலும் 2010-களில் வந்தது ஒரே 1 லிட்டர் கே10 வகை என்ஜின். டைமிங் செயின் உள்ளது. பாகங்கள் சிறு டவுன்களிலும் கிடைக்கும். வயதான பெற்றோர் உள்ள வீட்டுக்கு, உயரமாக உட்காரும் வேகன் ஆர் ஏறி இறங்க எளிது.

ஹூண்டாய் ஐ10, கிராண்ட் ஐ10: ஐ10-ல் இரண்டு பெட்ரோல் என்ஜின்கள் உண்டு. 1.2 லிட்டர் கப்பாவில் டைமிங் செயின். 1.1 லிட்டரில் டைமிங் பெல்ட். பெல்ட்டைக் காலத்தில் மாற்றாமல் விட்டு அது அறுந்தால் என்ஜினுக்கே சேதம் வரும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் வாங்கியதும் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டொயோட்டா எட்டியோஸ் லிவா, ஹோண்டா பிரியோ: இரண்டும் உழைக்கும் வண்டிகள். இப்போது தயாரிப்பில் இல்லை என்றாலும் அந்த நிறுவனங்களின் சர்வீஸ் நிலையங்கள் இயங்குகின்றன.

நிறுவனமே இந்தியச் சந்தையை விட்டுப் போன வண்டிகளில் கவனம் தேவை. ஷெவர்லே 2017 இறுதியில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. டாட்சன் 2022-ல் விடைபெற்றது. இவை விலை குறைவாகக் கிடைக்கும். உங்கள் ஊரிலேயே அந்த வண்டியைப் பார்க்கும் கைதேர்ந்த மெக்கானிக் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். இது உங்கள் முதல் கார் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

டிசையரும் எட்டியோஸ் செடானும் நல்ல வண்டிகளே. ஆனால் டாக்ஸியாக அதிகம் ஓடியவையும் இவைதான். டி-போர்டு வண்டியை ஓன் போர்டாக மாற்றி விற்பது சட்டப்படி செல்லும். நாலைந்து லட்சம் கிலோமீட்டர் ஓடியதை மறைப்பதுதான் மோசடி. ஆர்.சி.யின் பழைய விவரத்தில் அது வாடகை வண்டியாகப் பதிவாகியிருந்ததா என்று கேளுங்கள்.

யாரிடம் வாங்குவது?

முதல் இடம், தெரிந்தவர் வட்டத்தில் உள்ள சிங்கிள் ஓனர். அலுவலகத்திலோ தெருவிலோ ஒருவர் புதுக் கார் எடுக்கப்போகிறார் என்றால், பழையதை ஷோரூமில் கொடுக்கும் முன் கேட்டுப் பாருங்கள். ஷோரூம் தரும் விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தாலே இருவருக்கும் லாபம். ஆளைத் தெரியும் என்பதால் வண்டியின் கதையும் தெரியும்.

அடுத்தது கார் தயாரிப்பு நிறுவனங்களே நடத்தும் பழைய கார் ஷோரூம்கள். விலை கூடும், ஓரளவு வாரண்டி கிடைக்கும். வாரண்டி எதற்கெல்லாம் பொருந்தாது என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

மூன்றாவது, ஊர்தோறும் இருக்கும் ஆட்டோ கன்சல்டிங் கடைகள். பல தலைமுறையாக நாணயமாகத் தொழில் செய்கிறவர்கள் இதில் உண்டு. அவர்களிடமும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். ஓனர் வண்டியை வியாபாரியிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்கவும் வேண்டும். "உங்கள் பெயரில் வண்டி ஒப்படைப்பு பதிவாகியிருக்கிறதா?" என்று கேளுங்கள். ஓனரின் கையெழுத்து வாங்கிய வெற்றுப் படிவத்தோடு மூன்று கை மாறிய வண்டி என்றால் தள்ளியே நில்லுங்கள்.

போனிலேயே கேட்க வேண்டியவை

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

"சார், ஆர்.சி. உங்க பேர்லதானே இருக்கு?"
"எத்தனாவது ஓனர்? எந்த வருஷம் எடுத்தீங்க?"
"லோன் இருக்கா? ஹெச்.பி. கேன்சல் பண்ணியாச்சா?"
"சர்வீஸ் எங்க விடுறீங்க? ரெக்கார்டு இருக்கா?"
"இன்சூரன்ஸ் எது வரைக்கும் இருக்கு? கிளைம் எதுவும் பண்ணீங்களா?"
"எதுக்காகக் கொடுக்கிறீங்க?"

நேராகப் பதில் சொல்கிறவர் வண்டியையே நேரில் பாருங்கள். "வாங்க, நேர்ல பேசிக்கலாம்" என்று எல்லாக் கேள்வியையும் நழுவ விடுகிறவரிடம் போக வேண்டாம்.

பேப்பர்தான் முதல் சோதனை

வண்டி எண்ணை வைத்துக்கொண்டு எம்-பரிவாஹன் செயலியில் பாருங்கள். பதிவு நாள், எத்தனையாவது ஓனர், எரிபொருள் வகை, இன்சூரன்ஸ் முடியும் நாள், கடன் பதிவு, தடை ஏதும் உள்ளதா என்பது தெரியும். நிலுவை அபராதங்களை இ-சலான் தளத்தில் பாருங்கள். அவற்றை விற்பவர்தான் கட்ட வேண்டும்.

அசல் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சேசிஸ் எண்ணில் 17 எழுத்து, எண்கள் இருக்கும். அந்த இடத்தில் உரசல், வெல்டிங், புது பெயிண்ட் தென்பட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கேஸ் கிட் பொருத்தியிருந்தால் அதுவும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

கடன் இருந்த வண்டியென்றால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கையில் வேண்டும். "கட்டி முடிச்சாச்சு, லெட்டர் அப்புறம் வாங்கித் தர்றேன்" என்பதை ஏற்காதீர்கள்.

சர்வீஸ் ரெக்கார்டு இன்னொரு சாட்சி. மீட்டரைக் குறைத்து விற்பது இந்தத் தொழிலின் பழைய வியாதி. விற்பவரைக் கூடவே அழைத்துக்கொண்டு நிறுவன சர்வீஸ் நிலையத்துக்குப் போய் வண்டி எண்ணைச் சொன்னால், ஒவ்வொரு முறை வந்தபோதும் மீட்டர் எவ்வளவு காட்டியது என்ற விவரம் கிடைக்கும். 2019-ல் 82,000 என்று பதிவான வண்டி இன்று 61,000 காட்டினால் வேறு சோதனையே தேவையில்லை. ரெக்கார்டு இல்லாத வண்டியில் பெடல் ரப்பர், ஸ்டியரிங், ஓட்டுநர் இருக்கை, கியர் நாப் தேய்ந்திருப்பதைப் பாருங்கள். 40,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டியில் பிரேக் பெடல் வழவழவென்று ஆகியிருக்காது.

பகல் வெளிச்சத்தில் பாடியைப் பாருங்கள்

மழையில் நனைந்த வண்டியையும் இரவு விளக்கில் நிற்கும் வண்டியையும் பார்க்காதீர்கள்; பெயிண்ட் வித்தியாசம் தெரியாது. காலை வெயிலில் பக்கவாட்டில் குனிந்து கதவுகள் நெடுகப் பாருங்கள். அலை அலையாகத் தெரிந்தால் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சிறு உரசலுக்கு அடித்த டச்சப் குற்றமல்ல. தேட வேண்டியது பெரிய மோதலின் தடயத்தை.

பானெட்டைத் திறந்து முன்பகுதி போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். கதவு ரப்பர் பீடிங்கை இழுத்து உள்ளே கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடித்தகட்டைத் தடவுங்கள். கண்ணாடி ஒவ்வொன்றிலும் தயாரிப்புக் காலக் குறி இருக்கும். ஒன்று மட்டும் வேறு ஆண்டு என்றால் அது ஏன் மாறியது என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-ம் வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு ஆண்டு கடந்த டயர் மாற்ற வேண்டியதே. ஒரு டயர் மட்டும் ஓரத்தில் தேய்ந்திருந்தால் அலைன்மெண்டிலோ சஸ்பென்ஷனிலோ கோளாறு.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மீண்டும் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. கழுவித் துடைத்தால் வெளியே தெரியாது. ஒயரிங்கில் பிடித்த துரு ஆண்டுக்கணக்கில் தொல்லை தரும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை தங்கியிருக்கும். கால் மிதியடிக்குக் கீழே உள்ள கார்ப்பெட்டைத் தூக்குங்கள். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, விளக்குக் கூட்டுக்குள் நீர்க்கறை, ஏசி போட்டதும் வரும் புழுங்கல் வாடை எல்லாம் அடையாளங்கள். கடற்கரை ஊர் வண்டியென்றால் அடிப்பாகத்தை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தே தீர வேண்டும்.

என்ஜினும் ஓட்டமும்

நீங்கள் வரும் முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்டிங் கோளாறை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம்.

சாவியைப் போட்டு ஒரு கட்டம் திருப்பியதும் என்ஜின், ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் எரிந்து, பிறகு அணைய வேண்டும். அணையாத விளக்கு கோளாறைச் சொல்கிறது. எரியவே எரியாத விளக்கு அதைவிட மோசம். கோளாறு தெரியாமலிருக்க அதன் இணைப்பையே எடுத்திருக்கலாம்.

ஸ்டார்ட் ஆன பிறகு சைலன்ஸரைப் பாருங்கள். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் கூலண்ட் உள்ளே போகலாம். கரும்புகை என்றால் எரிபொருள் கூடுதலாகப் போகிறது. ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை இருந்தால் ஆயிலும் கூலண்டும் கலப்பதாக இருக்கலாம். மெக்கானிக் பார்த்துத் தெளியாமல் வாங்கக் கூடாது.

ஓட்டிப் பார்ப்பதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். நெரிசல், ஏற்றம், ஸ்பீடு பிரேக்கர், திறந்த சாலை நான்கும் வர வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டம் போடும்போது கடகட சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட். நாலாவது கியரில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச். நேர்ச் சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று கவனியுங்கள். நம் ஊர் வெயிலில், உச்சி நேரத்தில், வண்டி நின்றபடி இருக்கும்போது ஏசி குளிர்கிறதா என்பதே உண்மையான ஏசி சோதனை. பாட்டு எதையும் போட விடாதீர்கள்.

இவ்வளவும் தேறினால், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவருக்கு ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்து, ஸ்கேனர் போட்டு, லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், எரிபொருள் குழாய்களையும் ரப்பர் பாகங்களையும் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் போக விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

விலை, பணம், பெயர் மாற்றம்

"கொஞ்சம் பார்த்துப் போடுங்க அண்ணே" என்று கேட்டால் இரண்டாயிரம் குறையும். மெக்கானிக் எழுதிக்கொடுத்த பட்டியலை நீட்டி, "டயர் 16,000, கிளட்ச் வேலை 8,000, இதைக் கழிச்சுக்கலாம்" என்று கேட்டால் பேச்சே வேறு. உங்கள் எல்லையை வீட்டிலேயே முடிவுசெய்து, குடும்பத்தில் இன்னொருவரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்.

அட்வான்ஸ் சிறிதாக இருக்கட்டும். ரசீதில் வண்டி எண், முழு விலை, பேப்பரில் குறை இருந்தால் அட்வான்ஸ் திரும்பத் தரப்படும் என்ற வரி மூன்றும் இருக்க வேண்டும். மீதியை ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். வண்டி கைமாறும்போது தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டும் தேவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ம் பிரிவு, விற்பவர் 14 நாளிலும் வாங்குபவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதைச் செய்யாமல் வண்டி அடிபட்டால், உங்கள் வண்டிக்கான சேதத்தை நிறுவனம் மறுக்க வாய்ப்புண்டு. பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் ஆளுக்கு உரியது, வண்டியோடு வராது. ஆகவே பிரீமியம் அவர் கட்டியதைவிடக் கூடும். தேர்ட் பார்ட்டிக்கு 2022 ஜூனில் வந்த அடிப்படைக் கட்டணம் 1000 சி.சி. வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், வரி தனி.

பெயர் மாற்றம் விற்பவருக்கும் காவல். ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உறுதிப்படுத்தியது. தயங்கும் விற்பவரிடம் இதைச் சொன்னால் அவரே முன்னின்று ஆர்.டி.ஓ. வேலையை முடித்துக்கொடுப்பார்.

முதல் மாதத்தில்

எந்த ரெக்கார்டு இருந்தாலும் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றி, அந்தத் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிரேக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சீட்டில் பெல்ட் கொக்கிகள் உள்ளே அமுங்கிக் கிடக்கும். அவற்றை வெளியே எடுத்து, பின்னால் உட்காருகிறவர்களையும் பெல்ட் போட வையுங்கள். ஸ்டீரியோ, சீட் கவர், அலாய் வீல் எல்லாம் ஆறு மாதம் காத்திருக்கட்டும். ஒதுக்கிவைத்த 50,000-ல் மீதி இருந்தால் அதை வண்டிக்கென்றே வங்கியில் விட்டு வையுங்கள். பழைய காரை நிம்மதியாக ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இந்தத் தொகையை வைத்திருப்பவர்கள்தான்.